சுவர் சுடும் வீடுகள்

வீடு கட்டித் தருகிறவரைத் தேங்காய் உடைத்து, மாலை போட்டு வரவேற்பார்கள், கட்டிய வீட்டில் புழுக்கம் தாங்கவில்லை என்று சரிசெய்ய வருகிறவளை மட்டும் வாசலிலேயே நிறுத்தி, "ஏனுங்க, எதையும் இடிக்காம ஆகுமுங்களா?" என்று கேட்பார்கள்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரைச் சுற்றி நான் செய்த தொழில் இந்த இரண்டாவது வகை. பழைய வீடுகள், கல்லும் மண்ணும், இல்லாவிட்டால் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர் வீடுகள். "அந்தக் காலத்துச் சுவர், எப்பவும் குளுகுளுன்னு இருக்கும்" என்று அதில் குடியிருக்காதவர்கள் சொல்வார்கள். குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அந்தச் சுவர் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நாம் பாய் விரிக்கும் நேரம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும். நீங்களும் அப்படி ஒரு வீட்டில் இருப்பவரானால், சாயங்காலம் உங்கள் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். நான் வெள்ளகோவில் பக்கம் ஒற்றை அறைக் கல் வீட்டில் வளர்ந்தவள். சுவரில் சாய்ந்து படித்தால் தோசைக்கல்லில் சாய்ந்த மாதிரி இருக்கும். இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது.

கான்ட்ராக்டரின் வாழ்த்து

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தேன். கோடை வந்தால் பழைய வீட்டுக்காரர்கள் சிலர் ஆபீசுக்கு வந்து சூட்டுக்கு வழி கேட்பார்கள். முதலாளியிடம் எல்லாருக்கும் ஒரே மருந்துதான் இருந்தது: இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டுங்கள். இடிக்க வசதியில்லாதவர்கள் குடையை விரித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில், அந்த வேலையை நானே எடுத்துச் செய்வது என்று முடிவு செய்தேன்.

முதலாளி கோபப்படவில்லை. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, என்ன பண்ணப் போகிறேன் என்று கேட்டார். கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது, அடைபட்ட காற்று வழியைத் திறக்கிறது, வெயில் படும் சுவருக்கு நிழல் கொடுக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் எனக்காக வருத்தம் கூடிக்கொண்டே போனது. அவரிடம் இருந்த மேஸ்திரி மாரப்பனும் என்னோடு கிளம்பினார். பழைய வீடுகளுக்கு மாடி கிடையாது, ஏறி இறங்க வேண்டாம், முழங்காலுக்கு நல்லது என்பதுதான் அவர் சொன்ன காரணம். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முதலாளி சொன்னார்:

"கட்டுனவன் பேரைக் கல்லுல வெட்டி வெப்பாங்க. காத்து வர வெச்சவ பேரை எதுல வெட்டுவாங்க, கண்ணு?"

கரும்பச்சைச் சுவர்

முதல் வேலை சிங்காநல்லூரில். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரங்கசாமி என்பவரின் வீடு. வரிசையில் கடைசி வீடு என்பதால் மேற்குச் சுவர் முழுக்க வெட்டவெளியைப் பார்த்து நின்றது. அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் கரும்பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். சாயங்காலம் ஆனால் அவர் கட்டிலைக் கிழக்கு ஓரத்துக்கு இழுப்பார். அவர் மனைவி சமையல்கட்டில் போய்ப் படுத்துக்கொள்வார். பெயின்டைச் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்தாலே பாதிச் சூடு குறையும் என்றேன். மனிதர் அசையவில்லை. அது ஆலையின் வாலிபால் டீம் போட்ட பனியனின் நிறமாம். அந்த டீமில் இவர் பல வருசம் ஆடியவர். "அதை மட்டும் தொடாம வேற என்னமோ பண்ணுங்க" என்றார்.

வேறு என்னமோ பண்ணினோம். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சவுக்குக் கம்புகள் நட்டு, தென்னங்கீற்றுத் தட்டி கட்டினோம். கீழேயும் மேலேயும் இடைவெளி விட்டதால், தட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சூடாகிற காற்று தானாக மேலே ஏறிப் போய்விடும். இதையெல்லாம் நான் விளக்கியபோது அவர் கேட்கவில்லை. வண்டியில் இன்னும் என்ன இறங்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இறங்கவில்லை. அடுத்த வாரம் சாயங்காலமாகப் போனேன். கட்டில் மேற்குச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அவர் அதில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அப்போதும் குறை தீரவில்லை.

"நான் எதோ பெரிய மெசின் கொண்டாந்து மாட்டுவீங்கன்னு நெனச்சனுங்க. கடைசில செவுத்துக்கு ஒரு குடையைப் புடிச்சுப்போட்டுப் போயிட்டீங்க."

அவிநாசியில் காற்று புகுந்த கதை

அவிநாசியில் ருக்மணி என்ற அம்மா, வீட்டு முன்னறையில் தையல் மெஷின்கள் போட்டுத் திருப்பூர்க் கம்பெனிகளுக்குப் பனியன் காலர் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை. ஒவ்வொரு மெஷினுக்கு மேலும் தலையைத் தொடுகிற மாதிரி ஒரு குண்டு பல்பு. வோல்டேஜ் இல்லாததால் மின்விசிறி பேருக்குத்தான் சுற்றும். அந்தச் சித்திரையில் தைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. ருக்மணி அம்மா அன்றைக்கே மெஷின்களை நிறுத்திவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். "இந்தப் புள்ளைங்க தைக்காட்டி அவங்கூட்டுல அடுப்பெரியாது. தைக்கச் சொன்னா உசுருக்குப் பயமா இருக்குதுங்க. நீங்கதான் ஒரு வழி சொல்லோணும்" என்றார்.

வழி அந்தச் சுவரிலேயே இருந்தது. கூரைக்குக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் வரிசையாக வென்டிலேட்டர்கள். எல்லாவற்றையும் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அடைத்தவர் அந்த அம்மாவின் கணவர் சுப்பிரமணி, சைக்கிள் கடைக்காரர். முன்னொரு காலத்தில் அந்த வழியாகத் திருடன் இறங்கியிருக்கிறான். அன்றிலிருந்து அந்த மனிதருக்குக் கூரைப் பக்கம் எலி ஓடினாலும் தூக்கம் போய்விடும். திறக்கவே கூடாது என்று குறுக்கே நின்றார். நான் அவர் பயத்தைக் கேலி செய்யவில்லை. கனமான இரும்புக் கம்பி வைத்து, அதற்குமேல் வலை அடித்து, அவரையே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். ஏணியில் ஏறி, தன் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

ஓட்டில் அங்கங்கே கண்ணாடி ஓடு மாற்றி, சுவருக்கு வெள்ளை அடித்ததும் பகலில் பல்பே தேவைப்படவில்லை. இருட்டுகிற நேரத்துக்கு இரண்டு டியூப்லைட் போதுமானதாக இருந்தது. மேலே திறந்த வழியாகச் சூடு வெளியேற, வாசல் வழியாகக் காற்று உள்ளே வந்தது. கையில் ஊசி ஏறிய பெண் கட்டு பிரித்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். நான் கிளம்பும்போது சுப்பிரமணி அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இனிமேப்பட்டுத் திருடன் வந்தாலும் வேர்க்காம வருவானுங்க."

ஏ.சி. வாங்கியவர்

ஊருக்குள் பெரிய மரங்கள் இருக்கும் ஒரு தெருவில், பம்புசெட் வியாபாரி ஒருவருக்குப் பழைய பங்களா இருந்தது. ஒரு ஆள் மேல் இன்னொரு ஆள் நின்றாலும் எட்டாத உயரத்தில் கூரை. படுக்கையறைச் சுவரில் ஓட்டை போட்டு ஏ.சி. மாட்டியிருந்தார். அறை குளிர்ந்தால் தானாக நிற்க வேண்டிய மெஷின் காலையிலிருந்து ஓடும், அறை குளிராது. ஆனால் தெருவுக்கு விசயம் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு அம்மா என்னிடம், "அவரு சுவிச்சைப் போட்டா எங்கூட்டு டியூப்லைட்டுக்கு நடுக்கம் வந்துருதுங்க" என்றார்.

மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் திரை போட்டு, வெயில் இறங்கியதும் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் ஏ.சி.யே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாட்டிய ஏ.சி.யைக் கழற்ற அவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சரி, இருக்கிற மெஷினாவது ஒழுங்காக வேலை செய்யட்டும் என்று, அந்த ஒரு அறைக்கு மட்டும் தாழ்வாகப் பொய்க்கூரை அடித்து, கதவடி இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டி, மூங்கில் திரையும் மாட்டிவிட்டு வந்தேன். நான்கு நாளில் அவரே தேடி வந்தார், முகத்தில் சந்தோசமே இல்லாமல். அறை எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் போர்வை கேக்குதுங்க" என்றார். பிறகு என்ன கோளாறு என்றேன். அவர் சொன்னது இது:

"வாங்குன நாள்ல இருந்து நிக்காம ஓடிட்டிருந்துச்சுங்க. நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து அப்பப்ப நின்னு நின்னு போகுது. மெசினை என்னமோ பண்ணிப்போட்டீங்க."

மேஸ்திரி வீடு

மாரப்பன் மேஸ்திரியின் வீடு சூலூர்ப் பக்கம். ஒருநாள் சாமான் எடுக்கப் போனபோதுதான் உள்ளே பார்த்தேன். ஊரிலுள்ள வீடுகளில் எது எது கூடாது என்று நாங்கள் பேசிக்கொண்டு திரிந்தோமோ, அத்தனையும் அங்கே இருந்தது. அடைத்த வென்டிலேட்டர், புகை போக வழியில்லாத அடுப்படி, அனல் இறங்குகிற ஓடு. அவர் மனைவி சரசு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் வாசலில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு எந்த வேலையும் எடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு, மற்ற வேலைகளில் மீந்துபோன கம்பி வலை, கண்ணாடி ஓடு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆட்களோடு அங்கே போய் இறங்கினோம். சரசு கதவுக்குக் குறுக்கே நின்று எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, ஊரு ஊடெல்லாம் முடிஞ்சு போச்சுங்களா?"

கொடுமுடி ஈரம்

எல்லா வீட்டுக்கும் வியாதி சூடு அல்ல. கொடுமுடியில் காவிரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. செங்கல் சுவர். ஆடியில் ஆறு நிறைந்து ஓடும்போது சுவரில் ஈரம் ஏறும். மகன் கல்யாணத்துக்கு முன்னால் அதை மறைக்க, அந்த வீட்டுப் பெரியவர் நடராசன் இடுப்பு உயரத்துக்கு உள்பக்கம் வழவழவென்று சிமென்ட் பூசினார். ஈரம் என்ன செய்யும்? வெளியேற வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறித் தோள் உயரத்தில் உப்பாகப் பூத்து நின்றது. மருமகள் செல்வியின் குழந்தைக்கு இளைப்பு. மருந்து கொடுத்த டாக்டரே, "முதல்ல அந்த ரூமை மாத்துங்க" என்றாராம். வீட்டில் வேறு ரூம் இல்லை.

சிமென்டை உரித்தால்தான் ஆகும் என்றேன். நடராசன் என்னை உட்காரச் சொல்லாமலே, "கல்யாணத்துக்குப் பூசுனதுங்க. வந்த ஒரம்பரை சனம் அத்தனை பேரும் தொட்டுப் பாத்துட்டுப் போனாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுபடி போனேன். மறுபடியும் அதே பதில். செல்வி வாசல்வரை வந்து, "விட்றாதீங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். மூன்றாம் முறை போனபோது குழந்தைக்கு இழுப்பு வந்திருந்தது. நடராசனே அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். குழந்தை மூச்சுக்கு மூச்சு விசிலடிக்கிற சத்தம் தெருவரை கேட்டது. நான் சுவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர்தான், "ஒரு செவுத்தை மட்டும் உரிச்சுப் பாருங்க" என்றார்.

பங்குனியில் உரித்தோம். வெளியே சுவர் ஓரமாக வாய்க்கால் மாதிரி வெட்டி ஜல்லி போட்டு, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் தகரத் தாழ்வாரம் வைத்தோம். பிறகு ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கஷ்டமான பகுதி. சுவர் தானாகக் காய வேண்டும்; அவசரப்பட்டால் காரியம் கெட்டது. பார்க்கிறவர்கள் கேட்பார்களே என்று நடராசன் செங்கல் தெரியாமல் காலண்டர்களாக மாட்டி வைப்பார். மாரப்பன் போகும்போதெல்லாம், செவுத்துக்குக் காத்து வேணுமுங்க என்று கழற்றி வைப்பார். வைகாசி முழுக்கக் காய்ந்தபின் சுண்ணாம்புப் பூச்சு பூசினோம். பிறகு மற்றச் சுவர்களையும் அவரே உரிக்கச் சொன்னார். அந்த ஆடியில் ஆறு நிறைந்துதான் ஓடியது. குழந்தைக்கு மருந்தும் தொடர்ந்தது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. சுவர் எப்படியிருக்கிறது என்று பார்க்கப் போனேன். செல்வி என்னை உள்ளே கூட்டிப்போய்ப் பாயைக் காட்டினாள்.

"போன ஆடியில பாப்பா உக்காந்துட்டேதான் தூங்குனா. இப்பப் படுத்துத் தூங்குறா, பாருங்கக்கா."

வெள்ளகோவில் தோட்டத்து வீடு

இந்த வேலை என் ஊர்ப் பக்கமே வந்தது. வெள்ளகோவிலுக்கு வெளியே ஒரு தோட்டத்து வீடு. கல் சுவர், பழைய ஓட்டை எடுத்துவிட்டுக் காங்கிரீட் போட்டிருந்தார்கள். கல்லும் காங்கிரீட்டும் சேர்ந்து உள்ளே ஆளை வேகவைத்தன. அவர்கள் மகள் கோகிலாவுக்குத் தலைப் பிரசவம். சித்திரையில் நாள் குறித்திருந்தார் டாக்டர். பிரசவத்துக்குப் பின் தாயும் பிள்ளையும் இருக்க வேண்டிய அறை அதுதான். யாரோ சொல்லி எனக்கு ஆள் விட்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் அம்மா இவரைப் போன்ற நிலக்காரர்களைப் 'பண்ணாடி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். நான் 'சார்' என்றேன். "அம்மணிக்கு எந்த ஊருங்க?" என்றார். சொன்னேன். "அங்க யாரு ஊடு?" என்றார். இந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மழுப்பிச் சொல்லவும் வழி உண்டு. எனக்கு மனம் வரவில்லை. "காலனிங்க. எங்கம்மா இந்தப் பக்கத்துத் தோட்டங்கள்ல களை வெட்டுனவங்க" என்றேன். அவர் குரல் மாறவில்லை, மரியாதை குறையவில்லை. "செரிங்க. வெளிய இருந்தே சுத்திப் பாத்துட்டு என்ன பண்ணோணும்னு சொல்லிப்போட்டுப் போங்க" என்றார். மாரப்பன் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள நின்னு பாக்காம சூடு எங்க இருந்து வருதுன்னு சொல்ல முடியாதுங்க. தெரியாம ஒரு வேலையைச் சொல்றதில்லீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். வேலிப் படல் வரை வந்திருப்பேன். பின்னால், "அக்கா, நில்லுங்க" என்று குரல். கோகிலா. நிறைமாத வயிற்றோடு வெயிலில் செருப்பில்லாமல் வந்திருந்தாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த ரூமுல படுக்கப் போறது நானுங்க, எங்கப்பா இல்ல. வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமல் அப்பாவின் நாற்காலியைக் கடந்து என்னை உள்ளே கூட்டிப் போனாள். அவர் எழுந்திருக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நான் அந்த அறைக்கு நடுவில் நின்று கையை மேலே தூக்கினேன். கூரையிலிருந்து அனல் உள்ளங்கையில் இறங்கியது. குற்றவாளி சுவர் அல்ல, தலைக்கு மேலே இருந்த காங்கிரீட்.

குயவரிடம் சின்னப் பானைகள் வாங்கி, காங்கிரீட் மேல் கவிழ்த்து அடுக்கி, இடையில் சுண்ணாம்புக் கலவை நிரப்பி, மேலே தளம் போட்டு வெள்ளை அடித்தோம். ஒவ்வொரு பானைக்குள்ளும் அடைபட்டு நிற்கிற காற்று வெயிலைக் கீழே விடாது. தளம் காயாமல் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. அதற்காக நாங்கள் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பைக்கூடக் குறைக்கவில்லை. கோகிலா ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குத்தான் கடைசிப் பூச்சு அடித்து முடித்தோம். பெண் குழந்தை. வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். வெளியே கத்திரி வெயில். அந்த அறையில் தாயும் பிள்ளையும் நடுமத்தியானத்தில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்ப வேண்டாம் என்று திரும்பினேன். வாசலில் அவள் அப்பா அதே நாற்காலியில் இருந்தார். இந்த முறை எழுந்து நின்றார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பக்கத்து ரூமும் அப்படித்தான் காயுதுங்க. உள்ள போயி ஒருக்காப் பாத்துருங்க."

எங்கள் வீடு

இத்தனைக்கும் நானும் என் கணவர் சூசையும் குடியிருந்தது பீளமேட்டில் ஒரு வாடகை வீடு. அவருக்கு மோட்டாருக்கு இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை. பகலெல்லாம் உலைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், பட்டறையே தேவலை என்பார். ஒரு ஆணி அடிப்பதற்குக்கூட வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். இரண்டு கோடை கேட்டேன். இரண்டு கோடையும் தலையாட்டவில்லை. மூன்றாம் வருசம் சாமான் எல்லாம் என்னுடையது, கூலி என்னுடையது, பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கித் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். கூரைக்கு வெள்ளை, மேற்கே தட்டி, மேலே காற்று வழி. சூசை முதல் தடவையாகச் சாயங்காலம் சட்டையோடு வீட்டுக்குள் உட்கார்ந்தார்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். எல்லா அறையிலும் கொஞ்ச நேரம் நின்றார். சுவரைத் தொட்டார். மறுபடி தொட்டார். "நல்லாக் குளுகுளுன்னு பண்ணியிருக்கறீங்க" என்று மனதாரச் சொன்னார். அடுத்த மாதம் அவர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. புது ஜோடிக்கு அந்த வீடு வேண்டும், காலி செய்து கொடுங்கள் என்றார். சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது. திட்டவும் முடியவில்லை, அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீடு பார்த்தோம். கல் சுவர், ஓடு, மேற்கே வெறும் வெளி, எல்லா வென்டிலேட்டரும் அடைப்பு. அதனால்தான் எங்களுக்குக் கிடைத்தது. பாத்திரம் இறக்குவதற்கு முன்பே நான் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கே ஆரம்பிக்கலாம் என்று மனதுக்குள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. சூசை கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடியே சொன்னார்:

"இந்தத் தடவை ரொம்பவும் குளுகுளுன்னு பண்ணிப்போடாத மேரி. கொஞ்சம் சூடு இருந்தாத்தான் நம்மள இருக்க விடுவாங்க."

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது, வீட்டின் சூட்டை இறக்க ஒரு வாளிச் சுண்ணாம்பு போதும், வீட்டுக்காரரின் சூட்டை இறக்கத்தான் திரும்பத் திரும்ப பஸ் ஏற வேண்டும் என்பதே.